இன்னொரு பிள்ளையையும் கேளுங்கள்!

சென்ற மாதம் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தோம். நெடுநாள் நண்பர் ஒருவருடைய வீடு. ஓட்டு வீடு, சின்னத் திண்ணை, வாசலில் ஒரு முருங்கை. நண்பருக்கு அரவை மில்லில் மூட்டை தூக்கும் வேலை. அவர் துணைவியாருக்கு வயல் வேலை. மக்கள் இருவர். மூத்தவள் பெண், வயது 15, பத்தாம் வகுப்பு. அடுத்தவன் பையன், வயது 11, மூளை முடக்குவாதம் கண்டவன். நடக்க இயலாது, பேச்சுத் தெளிவில்லை. சிரிப்பு மட்டும் வெகு தெளிவு!

நாம் போனபோது மாலை ஐந்து மணி. நண்பரும் துணைவியாரும் நம்மை அமர்த்தி ஒரு மணி நேரம் பேசினார்கள். அவ்வளவும் பையனைப் பற்றியே. எந்தெந்த ஊர் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், அடையாள அட்டை வாங்க எத்தனை நடை நடந்தார்கள், சக்கர நாற்காலி வந்தும் அது வாசற்படி ஏறாத கதை, உதவித்தொகை எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை - எல்லாம் சொன்னார்கள். மனம் கசியக் கேட்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பள்ளியிலிருந்து வந்தாள்; பையை மூலையில் வைத்தாள். சோற்றைக் குழையப் பிசைந்து தம்பிக்கு ஊட்டினாள். தலை சாயாமல் நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் புகட்டினாள். நனைந்த துணியை மாற்றி, அலசி, கொடியில் போட்டாள். இருபது கிலோவுக்குக் குறையாத அந்தப் பையனை இடுப்போடு அணைத்துத் தூக்கி நாற்காலியில் இருத்தினாள். நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தாள். திறந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை. "ஏம்மா, தம்பி சிணுங்குறான் பாரு" என்றார் தாயார். புத்தகத்தை மூடினாள், எழுந்தாள்.

"பொண்ணு எப்படிப் படிக்குது?" என்று கேட்டோம்.

"அவளுக்கென்னங்க! தங்கமான புள்ள. அவளால ஒரு தொந்தரவும் கெடையாது" என்றார் நண்பர், பெருமை பொங்க.

பஸ் நிறுத்தம் வரை வழிகாட்ட அந்தப் பெண்ணே நம்மோடு வந்தாள். பாதி வழி ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "மாமா, என் கிளாஸ்ல ஒருத்தி சொல்றா, எனக்குக் கல்யாணம் ஆனா என் புள்ளையும் தம்பி மாதிரிதான் பொறக்குமாம். நெசமா மாமா?"

"வீட்டுல கேட்டியாம்மா?" என்றோம்.

"கேட்டா அம்மா அழுவாங்க."

பஸ் வந்துவிட்டது. ஏதோ ஆறுதல் சொல்லி ஏறிவிட்டோம். நேர்மையாகச் சொல்வதானால், அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை சொல்லாமல் ஓடிவந்தோம். அந்த வெட்கந்தான் இதை எழுத வைக்கிறது.

நாட்டில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்றால், 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு 2 கோடியே 68 லட்சம் என்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகையாக விரித்தது. நல்லது, வரவேற்றோம். "ஊனமுற்றோர்" என்ற பழைய பெயரும் போயிற்று. "மாற்றுத்திறனாளி" என்ற புதுப்பெயர் வந்தது. அதுவும் நல்லதே. ஆனால் நாம் பார்த்த அந்தப் பெண் எந்தக் கட்டத்தில் வருகிறாள்? 21 வகையில் அவள் இல்லை. "பராமரிப்பாளர்" என்ற கட்டத்தில் தாயின் பெயர் இருக்கிறது. குடும்ப அட்டையில் அவள் ஒரு பெயர். பள்ளிப் பதிவேட்டில் ஒரு வரிசை எண். அந்த வீட்டின் பாதிப் பாரத்தைச் சுமப்பவள் அவள் என்று எந்தச் சர்க்கார் தாளிலும் ஒரு வரி கிடையாது. எண்ணப்படாதவருக்குத் திட்டம் ஏது? திட்டம் இல்லாதபோது பணம் ஏது?

குறை அந்தப் பையனிடம் இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். பெற்றோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இங்கே வரவில்லை. பகல் முழுதும் மூட்டை சுமந்து வருகிறவர் மாலையில் என்ன செய்வார்? வயலில் குனிந்தவள் வீட்டுக்கு வந்தும் குனிகிறாள். இருவர் கையும் ஓய்ந்துபோன இடத்தில் மூன்றாவது கை நீள்கிறது. அது பதினைந்து வயதுக் கை. அவ்வளவுதான் கதை.

இந்தப் பருவத்துப் பிள்ளைகள் மனத்தில் என்னென்ன ஓடுகிறது என்பதை யாராவது உட்கார்ந்து கேட்டதுண்டா? முதலில் வெட்கம் வருகிறது. தோழியை வீட்டுக்கு அழைக்க வெட்கம். திருவிழாக் கூட்டத்தில் தம்பி கத்தும்போது பத்துப் பேர் திரும்பிப் பார்க்க, அந்தப் பார்வையில் கூசும் வெட்கம். அதன் பின்னாலேயே கோபம் வருகிறது. அம்மாவுக்கு நான் கண்ணில் படவே இல்லையா என்ற கோபம். அடுத்த கணமே, ஐயோ, பாவம் தம்பி, அவனிடமா கோபப்பட்டோம் என்று தன்மீதே வெறுப்பு! பிறகு, தான் நடக்கிறோம், ஓடுகிறோம், அவன் கிடக்கிறானே என்ற குற்ற உணர்ச்சி. இத்தனையும் நெஞ்சுக்குள் சுழன்றுகொண்டிருக்க, வெளியே "தங்கமான பிள்ளை" என்று பெயர். தொந்தரவு தராத பிள்ளைக்குத் தொந்தரவே இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

எல்லோரும் அடங்கிப் போவதுமில்லை. நாம் அறிந்த ஒரு பையன், வடசென்னை, ஒன்பதாம் வகுப்பு. அக்காளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. தெருப் பையன் ஒருவன் அவளைப் "பைத்தியம்" என்று சொன்னான். இவன் அவன் பல்லை உடைத்தான். பள்ளியில் பதினைந்து நாள் வெளியே நிறுத்தினார்கள். ஏன் அடித்தாய் என்று ஒருவர் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. சொன்னால் அக்காளைப் பற்றிச் சொல்லவேண்டுமே!

இன்னொரு வகையும் உண்டு. இரண்டு பிள்ளையின் மார்க்கையும் தானே வாங்கித் தீரவேண்டும் என்று இரவெல்லாம் படிக்கிற பிள்ளை. பெற்றோருக்கு வேறு மகிழ்ச்சி இல்லை, நான் தரவேண்டும் என்று தனக்குத்தானே பாரம் ஏற்றிக்கொள்கிற பிள்ளை. ஊரார் மெச்சுகிறார்கள். அந்தப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் என்ன பாடுபடும் என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கே நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். இப்படி வளர்கிற பிள்ளைகள் எல்லாம் வாடிப்போகிறார்கள் என்று நாம் கூறவில்லை. பொறுமை, பிறர் துன்பம் அறியும் நெஞ்சம், கேலி பேசுகிறவனைக் கண்டு கொதிக்கும் நேர்மை - இவை அந்த வீடுகளில் விளைவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் அதைக் காட்டி, "பார், எப்படிப்பட்ட தியாகி!" என்று பட்டம் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அதுதான் நமக்குப் பிடிக்கவில்லை. சுமையில் பங்குகொள்ள மனமில்லாதவர்கள் செலவில்லாமல் தரும் கூலிதான் தியாகிப் பட்டம்!

இது ஏழை வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்கக் கென்னடி குடும்பத்தை உலகம் அறியும். குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி 1918இல் பிறந்தவர்; அறிவு வளர்ச்சி மட்டுப்பட்டவர். 1941இல், அவருக்கு 23 வயதானபோது, மூளையில் அறுவை செய்தார்கள். நிலைமை படுமோசமாயிற்று, பேச்சும் நடையும் பறிபோயின. பிறகு தொலைவில் ஒரு விடுதியில் வைத்தார்கள். கோடிக்கணக்கில் செல்வம் படைத்த அந்த மாளிகையிலும் அது வெளியே பேசப்படாத பொருளாகவே இருந்தது. அந்தப் பேச்சடைப்பை உடைத்தவர் யார்? உடன்பிறந்த தங்கை யூனிஸ். 1962இல் அவர் தம் அக்காளைப் பற்றி ஒரு பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு தம் வீட்டுத் தோட்டத்திலேயே அத்தகைய பிள்ளைகளுக்குக் கோடைகால விளையாட்டு முகாம் திறந்தார். 1968இல் சிகாகோ நகரில் நடந்த முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் அதிலிருந்து முளைத்ததுதான். மாளிகையில் பிறந்தவருக்கே வாய் திறக்க இருபது ஆண்டு ஆயிற்று. ஓட்டு வீட்டுப் பெண் எங்கே போய்ப் பேசுவாள்?

இனி, நாம் பஸ் நிறுத்தத்தில் விட்டுவந்த கேள்விக்கு வருவோம்.

"என் பிள்ளையும் இப்படித்தான் பிறக்குமா?" இதற்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. குறைபாட்டுக்குக் குறைபாடு விடை மாறும். மூளை முடக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும் நேரத்திலோ, பிறந்த சிறு காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த கேட்டினால் வருவது அது. குறைமாதப் பிறப்பு, மூச்சுக்காற்றுத் தடை, கடுமையான மஞ்சள் காமாலை, தொற்றுநோய் - இப்படிக் காரணம் பல. மரபுவழிக் காரணமும் சிலரிடம் இருக்கலாம்; பெரும்பாலோரிடம் அது பரம்பரையாக வருவதன்று. டவுன் குறைபாடு என்பது 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது. 1959இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூன் கண்டு சொன்னார். அதுவும் பெரும்பாலும் பரம்பரை வழி வருவதில்லை. மிகச் சிலரிடம் மட்டும் பெற்றோரிடமிருந்து வரலாம். அதற்குச் சோதனை உண்டு.

ஆனால் தசைச் சிதைவு நோயில் டுசென் என்ற வகை வேறு. அது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குவது. தாயிடம் அந்த மரபணுக் கோளாறு இருக்குமானால், மகளும் நோயில்லாமலே அதைத் தாங்கியிருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த வீட்டு அக்காள் தங்கையர்க்கு அறிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. சோதனையும் இருக்கிறது. எப்போது செய்துகொள்வது என்பதை விவரம் தெரிந்தபின் அவளே முடிவு செய்யவேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் அல்ல! பிறவிச் செவிடு போன்ற சிலவற்றில் இன்னொரு சங்கதி உண்டு. பெற்றோர் இருவரும் ஒரே கோளாறை வெளியே தெரியாமல் தாங்கியிருந்தால் பிள்ளைக்கு வரக்கூடும். நெருங்கிய உறவில் மணம் முடித்தால் அதற்கு வாய்ப்பு கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 விழுக்காட்டுத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. இந்த நாட்டில், "வெளியில் யார் கட்டுவார்கள், தாய்மாமனுக்கே கொடுத்துவிடுவோம்" என்று அதே வீட்டுப் பெண்ணை அதே உறவுக்குள் தள்ளுகிறார்கள். எதற்கு அஞ்சினார்களோ, அதையே வாசல் திறந்து அழைக்கும் காரியம் அல்லவா இது?

இந்த விவரங்களைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சொல்வது யார்? எதிர்வீட்டுப் பாட்டி சொல்கிறாள். வகுப்புத் தோழி சொல்கிறாள். "முன்வினைப் பயன்" என்று ஒரு சோதிடன் சொல்லிக் காசு வாங்கிப் போகிறான். யார் செய்த வினையாம்? அந்தப் பையனா, தாயா, பாட்டனா? விளக்கம் கேட்டால் மட்டும் விடை வராது. உண்மை சொல்லப்படாத வீட்டில் பிள்ளை தானே ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாகவே இருக்கிறது. எட்டு வயதில் எட்டு வயதுக்குத் தக்கபடியும், பதினைந்தில் பதினைந்துக்குத் தக்கபடியும் சொல்லுங்கள். அம்மா அழுதால் அழட்டும். பிள்ளையும் சேர்ந்து அழட்டும். தனித்தனியே அழுவதைவிட அது மேல்.

அடுத்தது வேலை. உதவக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு வாய் ஊட்டாத அக்காள் அக்காளா? ஆனால் உதவி வேறு, பொறுப்பு வேறு. தாய் வீட்டில் இருக்கும்போது கைகொடுப்பது உதவி. "உன்னை நம்பித்தான் விட்டுப்போகிறேன்" என்று வலிப்பு வரும் பிள்ளையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நாள் முழுதும் ஒப்படைப்பது பொறுப்பு. பதினோரு வயதுத் தம்பியைத் தூக்க முடிகிறது. அவன் பதினாறு ஆகும்போது அவள் முதுகு என்னாகும்? அதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மூத்தது ஆணாக இருந்தால் அவன் பந்து விளையாடப் போய்விடுகிறான், யாரும் தடுப்பதில்லை. பெண்ணாக இருந்தால் குளிப்பாட்டுவதும் துணி அலசுவதும் பிறவிக் கடமைபோல அவள் தலையில் வந்து விழுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முதல்நாள் இரவும் விழுகின்றன.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தோம். மிகுந்த ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவே, சர்க்காரின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றும் இருக்கிறது! அந்தச் சிறு வாசகம் எத்தனை பெரிய வாசலை அடைத்துவிடக் கூடியது என்பது ஆபீசு படி ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். படி ஒழுங்காக வந்தால் தாய் பாதி நாளாவது வயலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம். பக்கத்தூரில் பகல்நேரக் காப்பகம் ஒன்று இருந்தால், வாரத்தில் இரண்டு நாள் பையனை அங்கே விடலாம். அவனுக்கும் ஒரு மாறுதல். அக்காளுக்கும் இரண்டு மாலைப்பொழுது மீதம். அந்தப் பெண்ணின் படிப்பைக் காக்க இதைவிடச் சிக்கனமான வழி எது என்று கேட்கிறோம்.

பிறகு, எல்லார் நெஞ்சிலும் இருந்து யார் வாயிலும் வராத கேள்வி: "எங்களுக்குப் பிறகு?" பெற்றோர் பேசுவதில்லை, பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியும். பத்து வயதிலேயே தெரிந்துவிடும். என் தலையில்தான் விழும் என்று அது தனக்குள் முடிவு செய்துகொண்டு, வெளியூர்க் கல்லூரிக்கு மனுப்போடாமலே இருந்துவிடுகிறது. பேசித் தொலைத்தால் எவ்வளவோ தெளியும். தன்முனைப்புக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. 18 வயது நிறைந்தபின் சட்டப்படியான காப்பாளர் வேண்டுமானால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யவேண்டும். 18 நிறைந்துவிட்டால் பெற்றவர்கூடத் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அப்பா போனபிறகு பாங்கு வாசலில் நிற்கும்போதுதான் அக்காளுக்குத் தெரிகிறது. அந்த அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மத்திய சர்க்கார் ஊழியர் வீட்டிலானால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்கு அது கிடையாது. அவர் வீட்டுக்கு அந்தப் பெண்ணே ஓய்வூதியம்!

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், வீட்டில் பராமரிப்பு வேலை செய்யும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தேவை என்ன என்று விசாரித்து அறியும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மீது சுமத்துகிறது. அங்கே அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது - இளம் பராமரிப்பாளர். அமெரிக்காவில், சியாட்டில் நகரில் டான் மேயர் என்பவர் 1980களில் தொடங்கிய ஒரு முறை உண்டு, சிப்ஷாப் என்பார்கள். உடன்பிறந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஓர் அறையில் கூடுவார்கள், விளையாடுவார்கள், தின்பார்கள், இடையிடையே பேசுவார்கள். "உன் தம்பியும் உன் நோட்டைக் கிழிப்பானா?" என்று ஒருவன் கேட்க, "கிழிப்பான், தின்னவும் செய்வான்" என்று மற்றவன் சொல்ல, இருவரும் சிரிப்பார்கள். வேறெங்கும் அந்தச் சிரிப்புச் சிரிக்க முடியாது; கேட்கிறவர் "ஐயோ பாவம்" என்பார். அந்தச் சொல்தானே அவர்களுக்கு ஆகாதது!

இதற்கு என்ன பெருஞ்செலவு? ஓர் அறை, ஒரு பந்து, ஒரு வாளித் தேநீர், நாற்பது வடை, குறுக்கே பேசாமல் காதுகொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர். நம் நாட்டில் அறை இல்லையா? வட்டாரம்தோறும் வள மையம் இருக்கிறது. இயன்முறைப் பயிற்சிக்குத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருகிறார்கள். சிறப்பாசிரியர்கள் வீடு தேடியும் போகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளையும் அழைத்து வாருங்கள் என்று ஒரு சுற்றறிக்கை போதும். ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம், சென்னையில் 1985 முதல் வித்யாசாகர், முட்டுக்காட்டில் 2005இல் ஏற்பட்ட மத்திய சர்க்கார் நிறுவனம் - இத்துறையில் அனுபவம் பழுத்த இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. வழிமுறை வகுத்துத் தாருங்கள் என்று அவர்களை உட்காரவைத்துக் கேட்டால் ஒரு மாதத்தில் வேலை முடியும். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்கும் பிள்ளையை, கை நீட்டச் சொல்வதற்கு முன், நேற்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்று தனியே அழைத்துக் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் இவ்வளவையும் நண்பருக்கு ஒரு கடிதமாக எழுதினோம். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தோம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். பயிற்சி நாளன்று பெண்ணையும் உடன் அழைத்துப் போனாராம். பையனின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் மருத்துவர் புரட்டிப் பார்த்து, பிறந்ததும் மூச்சு வர நேரமானதால் வந்தது இது, உன் கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடமே நேராகச் சொன்னாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாளாம். பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லையாம்.

"ராத்திரி தம்பிக்கு நாந்தாங்க ஊட்டினேன்" என்றார் நண்பர். "பாதிக்கு மேல கீழதான் கொட்டிச்சு. அவ புஸ்தகத்துக்கு மேலால பாத்துச் சிரிச்சிக்கிட்டே இருந்தா."